எரிக்காமல் வைத்த கட்டை

போன மாதம் எங்கள் பழைய ஆலைக்குப் போயிருந்தேன். பாய்லர் ஹவுஸுக்குப் பின்னால், முன்பு ஆளுயரத்துக்கு மேல் விறகு அடுக்கிக் கிடந்த இடத்தில் இப்போது தொழிலாளர்கள் பைக் நிறுத்துகிறார்கள். நிழலுக்குத் தகரக் கூரைகூடப் போட்டிருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்த இளம் ஃபயர்மேன்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அந்த வேங்கைக் கட்டை சங்கதிய ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்கண்ணா. ஒருத்தரு லாரியையே கொளுத்திப் போட்டாங்கங்கறாரு. நீங்களே எழுதிக் குடுத்துருங்க, ஆலை மலர்ல போட்டுக்கறோம்" என்றார் ஒருவர்.

லாரியை யாரும் கொளுத்தவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் அந்தோணிராஜ். மேட்டுப்பாளையம் சாலையில், காரமடையைத் தாண்டி இருக்கும் சாய ஆலையில் பாய்லர் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பாவும் அம்மாவும் தென்னந்தோப்புக் கூலிகள். பத்தாவது முடித்ததும் அந்த ஆலையில் சாம்பல் அள்ளச் சேர்ந்தேன். பிறகு தீ போடக் கற்றேன். பாய்லர் பரீட்சையில் முதல் தடவை தேறவில்லை, அடுத்த தடவை தேறினேன். என் படிப்புக் கதை அவ்வளவுதான்.

சாய ஆலைக்குப் பாய்லர்தான் அடுப்பு. துணியில் சாயம் ஒரே சீராக ஏற வேண்டுமென்றால் தொட்டித் தண்ணீரின் சூடு ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். அந்தச் சூட்டைக் கொடுப்பது நீராவி. நீராவி தளர்ந்தால் ஒரே தொட்டியில் வெந்த துணி ஒரு முனையில் கருநீலமாகவும் மறுமுனையில் வெளிறியும் வரும். அதனால் சாய மாஸ்டர்கள் எல்லாரும் பாய்லர்க்காரனைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

எங்களுக்கு மேலே தலைமைப் பொறியாளராக இருந்தவர் தண்டபாணி சார். பொள்ளாச்சிப் பக்கம் விவசாயக் குடும்பம். தோளில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும். பாய்லர் ஹவுஸின் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும், ஆனாலும் அவர் வாசலில் நின்று கதவைத் தட்டி, "உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைவார். அடுத்தவன் ஊட்டுக்குள் போவது மாதிரி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் அவருக்குக் குரல் தாழும், மரியாதை ஏறும். சாதாரண நாளில் வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' என்றால், கோபத்தில் வார்த்தைக்கு ஒரு 'ங்க'. "ஏனுங்க முருகேசுங்க, இதுங்க, சாம்பலுங்களா, இல்ல நெருப்புங்களா?" என்று ஒருநாள் எங்கள் ஃபயர்மேன் முருகேசனிடம் கேட்டார். அணையாத சாம்பலை முருகேசன் சாக்குக்குப் பக்கத்தில் கொட்டியிருந்தார். அன்றைக்கு அவருக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

அவரோடு வேலை செய்வது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு காலை போதும். நான் ஷிஃப்ட் ஏற்க வந்திருந்தேன். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்ட முன்பக்கம் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் உண்டு. அன்று ஒன்று கீறல் விட்டிருந்ததால் மூடி வைத்திருந்தார்கள். மற்றொன்றில் தண்ணீர் சரிபாதியில் நின்றது. இரவு ஷிஃப்ட்க்காரர், "எல்லாம் கரெக்டா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆனால் பொறுப்பு ஏற்கிறவன் கண்ணாடியைப் பார்த்து நம்பக்கூடாது. அடிக் குழாயைத் திறந்து அதில் உள்ளதை வெளியேற்றி, மூடியதும் தண்ணீர் குபீரென்று திரும்ப ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்தேன். கொஞ்சம் தண்ணீர் வந்தது, பிறகு வெறும் ஆவி. மூடினேன். கண்ணாடி காலியாகவே நின்றது. பாதையில் அழுக்கு அடைத்து, பழைய தண்ணீர் சிக்கி நின்று, பாய்லரில் இருப்பது மாதிரி இவ்வளவு நேரம் காட்டியிருக்கிறது.

தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். முருகேசன் பம்பு சுவிட்சுக்கு ஓடினார். அப்போது வாசலில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தண்டபாணி சார் ஒரு பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"முருகேசு, பம்பத் தொட வேண்டாமுங்க. கைய எடுத்துக்குங்க. அந்தோணி, தீய வெளிய இழுங்க. மெதுவா. அவசரமில்லீங்க."

அவசரமில்லை என்று அவர் சொன்னாலும் நான் ஓடிப்போய்க் கம்பியை எடுத்தேன். காய்ந்து சிவந்து கிடக்கும் குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் பாய்லர் வெடிக்கும், சுவர்கூட மிஞ்சாது. நீண்ட இரும்புக் கம்பியால் தணலை வாரி வாரி வெளியே இழுத்தோம். ஈரச் சாம்பலைப் போட்டு மூடினோம். ஆவி போகும் வால்வை அடைத்தோம். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை; தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அவர் எங்களோடு அங்கேயே நின்றார். ஓடிப்போகலாம் என்று எனக்கு இருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காரமடைத் தேருக்கு இந்த வருஷம் கூட்டம் எப்படி என்று முருகேசனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இனி விறகுக்கு வருகிறேன். எங்கள் பாய்லர் முழுக்க முழுக்க விறகு தின்னும் பாய்லர். யூக்கலிப்டஸ், வேம்பு, புளி, காய்ப்பு நின்ற தென்னை, சில்வர் ஓக் எல்லாம் வரும். லாரி வந்ததும் நாலைந்து கட்டைகளைப் பிளந்து உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்போம். ஈரக்கட்டை தீயைத் தின்னும், புகையைக் கக்கும். பிறகு தடித்தது, மெலிந்தது என்று பிரித்து அடுக்குவோம்.

இந்த விறகை எங்களுக்குப் போட்டவர் கந்தசாமி. இரண்டு லாரி வைத்திருந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. அடைமழைக் காலத்திலும் அவருடைய லோடு தவறியதில்லை. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது, கோவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வரத் தானே காரை எடுத்துக்கொண்டு வந்தவர்.

அது சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மதியம். உள்ளே பெரிய தொட்டிகள் எல்லாவற்றிலும் துணி வெந்துகொண்டிருந்தது. ஏற்றுமதி அவசரம் என்பதால் யார்டில் இருந்த பழைய விறகு அடிமட்டத்துக்கு வந்திருந்தது. கந்தசாமியின் லாரி வந்து நின்றதும் எங்களுக்கு உயிர் வந்தது. முருகேசன் ஏறிக் கட்டைகளைத் தள்ளிவிடத் தொடங்கினார். பாதி இறங்கியிருக்கும்.

"அந்தோணிண்ணா, ஒருக்கா இங்க வாங்க" என்றார்.

வெட்டுவாயில் ரத்தம் மாதிரி சிவப்பாகப் பால் கசிந்து உறைந்த ஒரு கட்டை. வேங்கை. அதில்கூட ஆச்சரியமில்லை, பட்டா நிலத்திலும் எங்கேயாவது ஒரு வேங்கை நிற்கலாம். ஆனால் கட்டையின் பட்டையில் பாதி செதுக்கியும் செதுக்காமலும் ஒரு வெள்ளைப் பெயிண்ட் பட்டை ஓடியது. ஈரத்துணியால் துடைத்தேன். வெள்ளைக்கு நடுவே கறுப்பில் எண்களின் மிச்சம் தெரிந்தது. காட்டு எல்லையில் நிற்கும் மரங்களுக்கு வனத்துறை இப்படித்தான் பெயிண்ட் அடித்து எண் போடும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் போய் வருகிற யாரும் பார்த்திருப்பார்கள். மற்ற கட்டைகளையும் புரட்டினோம். பலவும் பச்சையாக, நேற்றோ முன்தினமோ வெட்டியவை.

எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த கந்தசாமி கட்டையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது பட்டா நெலத்து மரமுன்னுதானுங்க சொன்னாங்க. அடிவாரத்துல வீட்டுச் சைட்டு போடறாங்க, மொத்தமா வெட்டறாங்க, அனுமதிச் சீட்டு எல்லாம் இருக்குது. நா லாரிய அனுப்பிச்சேன், அவ்வளவுதானுங்க."

"இந்தப் பெயிண்ட்டு?"

அவர் பெயிண்ட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தோணிண்ணா, இத்தன வருசத்துல உங்களுக்கு ஒரு ஈரக்கட்டை போட்டிருக்கனுங்களா?"

"இல்லீங்க."

"ஒரே ஒரு கட்டைங்க. உள்ள தள்ளி உட்டுட்டா முடிஞ்சு போச்சு. இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன். என்ற கொழந்தைகமேல சத்தியமுங்க."

முருகேசன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஸ்டீம் இறங்கிக்கொண்டிருந்தது, தீ போடும் நேரம். பழக்கத்தில் அடுப்புக் கதவைத் திறந்துவிட்டார். சூடு முகத்தில் அறைந்தது. அந்த ஊரிலேயே ஒரு கட்டையைத் தடயமில்லாமல் செய்ய அதைவிட வசதியான இடம் கிடையாது. உள்ளே போட்டால் கொஞ்ச நேரத்தில் பெயிண்டும் இருக்காது, எண்ணும் இருக்காது. கந்தசாமியின் லாரி பிழைக்கும், எங்கள் ஷிஃப்ட் பிழைக்கும், சாய மாஸ்டர் வந்து கத்த மாட்டார். ஸ்டெல்லாவை அந்தக் காரில் படுக்க வைத்து, பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து அவர் ஓட்டி வந்தது நினைவுக்கு வந்தது.

"கதவச் சாத்துங்க முருகேசு" என்றேன். "பழைய கட்டையப் போடுங்க. இது இருக்கட்டும்."

கந்தசாமி என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை. நான் போய் தண்டபாணி சாருக்குப் போன் போட்டேன்.

அவர் வந்தார். கதவைத் தட்டினார். உட்கார்ந்து கட்டையைத் தடவிப் பார்த்தார். எழுந்தார்.

"கந்தசாமிங்க, இந்த மரமுங்க, எங்கீங்க நின்னுச்சுங்க?" என்றார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

கந்தசாமி என்னிடம் சொன்னதையே சொன்னார்.

"நீங்க போய்ப் பாத்தீங்களாங்க?"

"இல்லீங்க சார். லாரி கீழ ரோட்டுல நிக்கும். டிராக்டர்ல எறக்கிக் கொண்டாந்து ஏத்துவாங்க."

"மேல ஏறிப் பாக்கோணும்னு தோணலீங்களா?"

"தோணலீங்க" என்றார் கந்தசாமி. பொய் இல்லை என்பது குரலில் தெரிந்தது. அதுதான் தண்டபாணி சாரை இன்னும் வருத்தியது என்று நினைக்கிறேன்.

முதலாளிக்கு அங்கிருந்தே போன் போட்டார். எனக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கேட்டது. "ஆமாங்க... தெரியுமுங்க, ஆர்டர் இருக்குதுன்னு தெரியுமுங்க... இல்லீங்க, தொட்டியில இருக்கறதக் கெடுக்க மாட்டேன். யார்டுல இருக்கற பழசு அதுக்கு ஆகும். புதுசா ஒரு தொட்டியும் ஏத்த வேண்டாமுங்க... இத நாம எரிச்சா நாமளும் சேந்து வெட்டுன மாதிரிதானுங்களே... சரிங்க. வேலையில இருந்து எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க. நா ஃபாரஸ்ட் ரேஞ்சருக்குச் சொல்லிப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன்."

சொன்னபடியே செய்தோம். இருக்கிற விறகைத் தொட்டிக்குத் தொட்டி பங்கு போட்டு, எது முதலில் முடியுமோ அதற்கு முதலில் ஆவியைத் திறந்து, முடிந்ததை மூடி, அடுத்ததற்குத் திருப்பினோம். கடைசித் தொட்டி முடியும்போது பாய்லர் முன்னால் துடைப்பத்தால் கூட்டிய சிராய்களைப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு துணியும் கெடவில்லை. பிறகு தீயை அடக்கினோம். ஆலை நின்றது.

வனத்துறை ஆட்கள் மறுநாள் வந்து லோடைக் கைப்பற்றினார்கள். கட்டையை அளந்து, எண்ணைப் படம் எடுத்துக்கொண்டார்கள். கந்தசாமியை இடத்தைக் காட்டச் சொன்னார்கள். கட்டையை முதலில் பார்த்தவன் என்று என்னையும் வரச் சொன்னார் ரேஞ்சர். தண்டபாணி சாரும் கூட வந்தார்.

ரோட்டிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் பச்சை. மேலே ஏறிய பிறகுதான் தெரிந்தது. பொக்லைன் ஓடிய தடம் செம்மண்ணாகக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. சைட்டுக்காரர்களின் பட்டா எல்லைக் கல் கீழேயே நின்றது. வெட்டு அதைத் தாண்டி மலைச் சரிவில் வெகுதூரம் ஏறியிருந்தது. எங்கு பார்த்தாலும் அடிமரம். சிலவற்றில் சிவப்புப் பால் இன்னும் காயவில்லை. வெட்டு நின்ற இடத்தில், மிச்ச மரங்கள் இடுப்பில் வெள்ளைப் பட்டையோடு வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றில் அரிவாள் வைத்துப் பார்த்த வடு இருந்தது.

கந்தசாமி ஒரு அடிமரத்தின் பக்கத்தில் போய் நின்றார். அதன்மேல் கையை வைத்தார். "இத்தனையும் என்ற லாரியிலயா வந்துச்சு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

வெட்டிய சைட்டுக்காரர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். அது இன்னும் நடக்கிறது. கந்தசாமிக்கு அபராதம், ஒரு லாரியையும் பிடித்து வைத்தார்கள். அவர் உண்மையைச் சொன்னதால்தான் மேலே உள்ளவர்களைப் பிடிக்க முடிந்தது என்று ரேஞ்சர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஆலையில் அந்தக் காலம் எனக்கு நன்றாக இல்லை. நம்பகமான விறகு கொஞ்சம்தான் கிடைத்தது, பாதித் தொட்டிகள் நின்றன, ஓவர்டைம் போயிற்று. கேன்டீனில் நான் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் டீயை எடுத்துக்கொண்டு எழுந்து போவார். சாய மாஸ்டர் நேராகவே கேட்டார்: "ஏனுங்க அந்தோணி, ஒரு கட்டைய எரிக்க உங்களுக்கு மனசு வரல, எங்க ஊட்டு அடுப்ப அணைக்க மட்டும் மனசு வந்துச்சுங்களா?"

வீட்டில் வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "அவரு கேக்கறதும் நாயந்தானுங்க" என்றாள். பிறகு, "நீங்க செஞ்சதும் நாயந்தான். ரெண்டும் நாயமா இருந்தா என்ன செய்யறது, பொறுத்துத்தான் பாக்கோணும்" என்றாள். வேறு ஆறுதல் எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதலாளி தண்டபாணி சாரை வேலையிலிருந்து எடுக்கவில்லை. முதலாளிக்குக் காட்டின்மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் அந்தச் சமயத்தில்தான், உங்கள் பாய்லரில் எரிவது எங்கிருந்து வருகிறது என்று துருவிக் கேட்கத் தொடங்கியிருந்தன. பதில் வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் இல்லை. "வேற வழி கண்டுபிடிங்க" என்று முதலாளி, தண்டபாணி சார் தலையிலேயே கட்டிவிட்டார்.

தேங்காய் மட்டை, கடலை ஓடு என்று என்னென்னவோ பார்த்தோம். போதவில்லை. அப்போதுதான் ரேஞ்சர் ஒரு அம்மாவை ஆலைக்கு அனுப்பினார். பெயர் மருதி. ஆனைகட்டிப் பக்கத்து மலைக் கிராமத்து இருளர் பெண். அவர் தலைமையில் பெண்கள் குழு ஒன்று வனத்துறை அனுமதியோடு காட்டில் உண்ணிச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தது. உண்ணிச்செடி வெளியிலிருந்து வந்த முள் புதர். காடு முழுக்கப் படர்ந்து, கீழே ஒரு புல்லையும் முளைக்க விடாது. புல் இல்லாததால் மானும் யானையும் தோட்டங்களுக்கு இறங்கும். பிடுங்கிய செடியைக் காயவைத்து அரைத்து, மிஷினில் அழுத்தி உருளைகளாக்குவார்கள். பிரிக்கெட் என்போம்.

மருதி ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் முன்னால் இறக்கினார். "எரிச்சுப் பாருங்கண்ணா. எரியலைன்னா சொல்லுங்க. நல்லா இருக்குதுன்னு பொய் சொல்ல வேண்டாம்" என்றார்.

சாக்கில் வந்தது அழகாக எரிந்தது. ஆனால் லாரிக் கணக்கில் வந்தபோது முதல் சோதனை கேவலமாகத் தோற்றது. கட்டை நிதானமாக எரியும். இது சட்டென்று பற்றிச் சட்டென்று விழும். உடைந்த துண்டுகள் அடுப்புக் கம்பிகளின் இடுக்கில் எரியாமல் கீழே கொட்டின. சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டி மாதிரி கம்பியில் ஒட்டிக்கொண்டது. புகைபோக்கியில் கரும்புகை. ஸ்டீம் இறங்க, உள்ளே ஒரு தொட்டி மெரூன் துணி காவியாக வந்தது. சாய மாஸ்டர் அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டே பாய்லர் ஹவுஸுக்கு வந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே தண்டபாணி சார், "தப்புங்க, எங்க பக்கமுங்க" என்றார். மாஸ்டர் துணியைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

அன்று சாயங்காலம் மருதியும் சாரும் நானும் சாம்பல் குழிக்குப் பக்கத்தில் நின்று பேசினோம். உடைந்த உருளை ஒன்றை மருதி கையில் நொறுக்கிப் பார்த்தார்.

"மழைல நனைஞ்சத அரைகொறையாக் காயவெச்சு அழுத்திப்போட்டோம். லாரி வந்து நின்னுச்சு, அவசரம். அதான் ஒடையுது" என்றார். "காயவெக்கக் கூரை வேணும் சார். வெயில நம்பிப் பொழைக்க முடியாது."

"எங்க கம்பி இடுக்கும் அகலமுங்க" என்றேன். "கீழ இருந்து வார காத்தும் ஜாஸ்தி. அதான் சாம்பல் உருகுது."

"அப்ப ஆளுக்குப் பாதித் தப்பு" என்றார் சார். "பாதி பாதி சரி பண்ணுங்க. ஆலை செலவுல கூரை போட்டுக் குடுக்கச் சொல்றேன்."

நாங்கள் கம்பிகளை மாற்றி நெருக்கிப் போட்டோம். காற்றைக் குறைத்தோம். ஒரேயடியாகத் தள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும் என்று கற்றுக்கொண்டோம். அதற்கு முருகேசன்தான் சரியான கை. கடைசியில் வாத்தியம் வாசிப்பது மாதிரி போட்டார். அங்கே அவர்கள் தகரக் கூரை போட்டு, தட்டுத் தட்டாகப் பரப்பிக் காயவைத்தார்கள்.

அந்த உருளைகளை மலையிலிருந்து இறக்க லாரி வேண்டியிருந்தது. தண்டபாணி சார் யாரிடமும் கேட்காமல் கந்தசாமிக்குப் போன் போட்டார். கந்தசாமி வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். முதல் நாளே லாரியை ரோட்டில் நிறுத்திவிட்டு, செடி பிடுங்குகிற இடம்வரை ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் லோடு ஏற்றினாராம், மருதி சொன்னார். ஆலையில் இறக்கும்போது என்னிடம், "வாரனுங்க" என்று மட்டும் சொன்னார். அடுத்தடுத்த லோடுகளில் பேச்சு மெதுவாகத் திரும்பி வந்தது.

இரண்டாம் சோதனையில் பிரஷர் முள் காலை முதல் மதியம்வரை ஒரே இடத்தில் நின்றது. நான் டீ குடிக்கக்கூட நகரவில்லை. சாய மாஸ்டர் வந்தார். கையில் துணி. அதே மெரூன்.

"இன்னைக்கு ஷேடுல ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க" என்றார். பிறகு, "கேன்டீனுக்கு வாரீங்களாங்க?" என்று கேட்டார். போனேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். உண்ணிச்செடியை வேரோடு எடுக்காவிட்டால் மழைக்குப் பிறகு மறுபடி தலை நீட்டும். இன்னும் எத்தனையோ ஆலைகள் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலேயே விறகு எரிக்கின்றன. ஆனால் எங்கள் ஆலையில் அதற்குப் பிறகு ஒரு மரக்கட்டைகூட எரியவில்லை. ஆர்டர் குறையவில்லை, கூடியது. பாதி நின்றிருந்த தொட்டிகள் எல்லாம் ஓடின. எங்களைப் பார்த்து இன்னும் சில ஆலைகள் மாறின. மருதியின் குழுவில் பக்கத்துக் கிராமப் பெண்களும் சேர்ந்தார்கள்.

தண்டபாணி சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுப் பொள்ளாச்சிக்குப் போய்விட்டார். பிறகு நான் ஓய்வு பெற்றேன். ஆலையில் மாலை போட்டு அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்து அலுத்துப்போயிருந்த ஒரு காலையில், மருதியும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். ஸ்டெல்லா காபி கொடுத்தாள்.

"மழைக்காலத்துல காயவெக்க ஒரு சின்ன பாய்லர் வாங்கியிருக்கோம்" என்றார் மருதி. "எங்க செடியவே எரிச்சு, அந்தச் சூட்டுல காயவெக்கற மாதிரி. பாத்துக்க சர்டிபிகேட் வெச்ச ஆள் வேணும். வாரத்துல கொஞ்ச நாள் வந்தாப் போதும். வாரீங்களாண்ணா?"

"சம்பளம் பேசிக்கலாமுங்க, மொதல்ல..." என்று இழுத்தேன்.

"மொதல்ல எடத்தப் பாருங்க. பாத்துட்டு, வாரேன்னோ இல்லைன்னோ சொல்லுங்க. பாக்காம சரீன்னு சொல்றவிய எங்களுக்கு வேண்டாம்."

மறுநாள் விடிந்ததும் போனேன். மிஷினைக் காட்டுவார்கள் என்று பார்த்தால், மருதி என்னை நேராகச் சரிவுக்கு ஏற்றிக்கொண்டு போனார். முந்தைய மழைக்கு முன் அவர்கள் உண்ணிச்செடி எடுத்து முடித்த இடம். முழங்கால் உயரத்துக்குப் புல் அசைந்தது. நடுநடுவே சிறு சிறு கன்றுகள். யாரும் நடவில்லை, தானாக வந்தவை என்றார். திடீரென்று கையை நீட்டி என்னை நிறுத்தினார். பாறைக்குப் பின்னால் இழுத்து உட்கார வைத்தார்.

கீழே சரிவில் யானைகள். ஒரு தாய், குட்டி, இன்னும் சில. தும்பிக்கையால் புல்லைச் சுற்றிப் பிடுங்கி, முன்காலில் தட்டி மண்ணை உதறி, வாயில் வைத்துக்கொண்டிருந்தன. அவசரமே இல்லை. அவர்களுடைய மிஷின் கூடாரத்துக்குப் போகும் பாதை அவற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மருதி போனை எடுத்து மெல்லிய குரலில் கந்தசாமியைக் கூப்பிட்டார். "அண்ணா, லாரிய இன்னைக்கு அனுப்ப வேண்டாம். ஆனைக மேஞ்சுக்கிட்டிருக்குது. மிஷின் ஓட்ட முடியாது."

அந்தப் பக்கத்திலிருந்து கந்தசாமி கேட்டது எனக்கும் கேட்டது: "தோட்டத்துப் பக்கம் எறங்கறாப்புல இருக்குதுங்களா?"

"இல்லீங்க. இங்கதான் நிக்குது. புல்லு தின்னுட்டிருக்குது."

"சரி, திங்கட்டும். நாளைக்கு வாரேன்" என்றார் கந்தசாமி.

வெயில் ஏறும்வரை நாங்கள் பாறைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தோம். அன்று முழுக்கத் தீ மூட்டவில்லை. அடுப்பு குளிர்ந்து கிடந்தால் பதறுகிற ஆள் நான். அன்றைக்கு எனக்குப் பதற்றமே வரவில்லை. இறங்கி வரும்போது, எப்போதிலிருந்து வர வேண்டும் என்று மருதியிடம் கேட்டேன்.